திருப்பிப் போட்ட துண்டு

நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம், ஷெர்மர்ஹார்ன் கட்டடத்தின் 613-ஆம் எண் அறை. 16 அடிக்கு 23 அடி. 8 மேசைகள். எங்கு திரும்பினாலும் பால் பாட்டில்கள். பாட்டிலுக்குள் புளித்த வாழைப்பழம், அதை மொய்க்கும் பழ ஈக்கள். மரபியல் வரலாற்றில் 'ஈ அறை' என்று பெயர் வாங்கிய இடம் இதுதான். 1910-இல் தாமஸ் ஹன்ட் மார்கனின் பாட்டில் ஒன்றில் வெள்ளைக் கண்ணோடு ஓர் ஈ தென்பட்டதிலிருந்து அங்கே ஒரே வேலைதான். ஈக்களை ஈதரில் மயக்க வேண்டும், தட்டில் கொட்ட வேண்டும், உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு எண்ண வேண்டும். சிவப்புக் கண் இத்தனை, வெள்ளைக் கண் இத்தனை, குட்டைச் சிறகு இத்தனை. நாள் முழுக்க, ஆண்டு முழுக்க.

ஆல்ஃப்ரெட் ஸ்டர்ட்டிவன்ட் அங்கே சேர்ந்தபோது கல்லூரி மாணவர். அலபாமாவில் அப்பாவின் பண்ணையில் குதிரைகளின் வம்சாவளியை எழுதி வைத்து, குட்டிக்கு நிறம் எப்படி வருகிறது என்று மண்டையைக் குடைந்துகொண்டு வளர்ந்தவர். அவருக்கு நிறக்குருடு. கண் நிறத்தைப் பார்த்து ஈக்களைப் பிரிக்கும் கூட்டத்தில் அவர்தான் ஆகக் கூர்மையானவர் என்பது என் கட்சி.

அவர் பெயரை நிலைநிறுத்தியது 1911-இல் ஓர் இரவு. ஒரே குரோமோசோமில் இருக்கும் இரண்டு மரபணுக்கள் பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குப் போகும். ஆனால் முட்டை உருவாகும்போது தாய்வழி வந்த குரோமோசோமும் தந்தைவழி வந்த குரோமோசோமும் ஒட்டிப் படுத்து, தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதுண்டு. இதைக் குறுக்கேற்றம் என்பார்கள். இரண்டு மரபணுக்கள் தள்ளித் தள்ளி இருந்தால் அவற்றுக்கு நடுவே வெட்டு விழ வாய்ப்பு அதிகம். நெருங்கி இருந்தால் குறைவு. அப்படியானால் எத்தனை முறை பிரிகின்றன என்பதை எண்ணியே எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று சொல்லிவிடலாமே! ஸ்டர்ட்டிவன்ட் கல்லூரிப் பாடங்களை மூட்டை கட்டி வைத்துவிட்டு, இரவின் பெரும்பகுதி உட்கார்ந்து, 5 மரபணுக்களை ஒரு கோட்டில் வரிசைப்படுத்தினார். 1913-இல் அச்சேறியது. உலகின் முதல் மரபணு வரைபடம்.

வரைபடம் கைக்கு வந்த பிறகுதான் கணக்கு இடிக்கத் தொடங்கியது. கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து வந்த ஈக்களில், இரண்டாம் குரோமோசோமின் நீண்ட பகுதிகளில் குறுக்கேற்றம் நடந்த குஞ்சுகளே தட்டுப்படவில்லை. நூற்றுக்கு இத்தனை பிரிய வேண்டும் என்று வரைபடம் சொல்கிறது. தட்டில் கிடப்பவை பிரியாதவை மட்டும். 1917-இல் ஸ்டர்ட்டிவன்ட் இதை எழுதினார். குறுக்கேற்றத்தை அடக்கும் ஏதோ ஒரு காரணி இருக்கிறது என்பது வரை சரி. அது என்ன என்பது பிடிபடவில்லை. அறைக்குள் அதற்கு 'சி' என்று ஒற்றை எழுத்துப் பெயர். எண்ணுகிறவர்களுக்கு அது வெறும் தொல்லை.

ஒரு துப்பு மட்டும் இருந்தது. ஜோடிக் குரோமோசோம்களில் ஒன்றில் மட்டும் 'சி' இருந்தால்தான் குறுக்கேற்றம் காணாமல்போகிறது. இரண்டிலும் இருந்துவிட்டால் எல்லாம் வழக்கம்போல் நடக்கிறது. அடக்குகிற சரக்கு ஒன்று இருக்குமானால் இரட்டிப்பாக இருக்கும்போது இரட்டிப்பாக அல்லவா அடக்க வேண்டும்?

விடை வேறு பக்கத்திலிருந்து வந்தது. 1919-இல் ஸ்டர்ட்டிவன்ட், சாதாரணப் பழ ஈயோடு உரித்துவைத்த மாதிரி இருக்கும் இன்னோர் இனத்தை அடையாளம் கண்டு சிமுலன்ஸ் என்று பெயரிட்டார். அதற்கும் வரைபடம் போட்டுப் பார்த்தார். மூன்றாம் குரோமோசோமில் மூன்று மரபணுக்கள்: ஸ்கார்லெட், பீச், டெல்டா. பழைய ஈயில் இதே வரிசைதான். புதிய ஈயில் ஸ்கார்லெட், டெல்டா, பீச். 1921-இல் அவர் வந்து சேர்ந்த முடிவு, குரோமோசோமில் ஒரு துண்டு அறுந்து, திரும்பி, தலைகால் மாறி மறுபடி ஒட்டியிருக்கிறது. 1926-இல், பழைய ஈயிலேயே மூன்றாம் குரோமோசோமில் இருந்த ஓர் அடக்கும் காரணியும் இதே கதைதான் என்று காட்டினார். 'சி' என்பது மரபணு இல்லை, ஒரு திருப்பம்.

ஒன்பது பெட்டி ரயிலில் 2 முதல் 5 வரையுள்ள பெட்டிகளை மட்டும் கழற்றி, திருப்பி, அதே இடத்தில் மறுபடி கோத்ததைப் போன்றது இது. பெட்டி எதுவும் குறையவில்லை, பயணி எவரும் இறங்கவில்லை. வரிசை மட்டும் 1-5-4-3-2-6-7-8-9 என்றாகிவிட்டது. நேர் வரிசைக் குரோமோசோமும் இந்தத் திரும்பிய குரோமோசோமும் ஒரே உயிரணுவில் ஜோடி சேர வேண்டியிருந்தால், ஒத்த இடங்கள் பொருந்துவதற்காக அந்தப் பகுதி வளைந்து ஒரு கண்ணிபோல் ஆகிறது. கண்ணிக்குள் வெட்டி ஒட்டினால் விபரீதம். சென்ட்ரோமியர் என்ற பிடிமானம் ஒரு குரோமோசோமுக்கு ஒன்றுதான் இருக்க வேண்டும். இங்கே ஒரு விளைபொருளுக்கு இரண்டு, இன்னொன்றுக்கு ஒன்றுகூட இல்லை. இரண்டு பிடி உள்ளது இரு பக்கமும் இழுபட்டு நடுவில் பாலமாகத் தொங்கும். பிடி இல்லாதது அனாதையாய் விடுபட்டுப்போகும்.

ஆக, குறுக்கேற்றம் தடுக்கப்படுவதில்லை. நடந்ததன் விளைச்சல் பிழைப்பதில்லை. இதில் ஈக்கு வாய்த்த அதிர்ஷ்டம் ஒன்று. பெண் ஈயில் பிரிவு முடிந்ததும் 4 உட்கருக்கள் வரிசையாக நிற்கும். ஓரத்தில் இருக்கும் ஒன்றுதான் முட்டையாகும். பாலமாகிப் போன குரோமோசோம் நடுவிலேயே மாட்டிக்கொள்வதால், ஓரத்துக்குப் போவது நல்ல குரோமோசோம்தான். ஸ்டர்ட்டிவன்ட்டும் ஜார்ஜ் பீடிலும் 1936-இல் இதை விளக்கினார்கள். ஆண் ஈயிலோ குறுக்கேற்றமே கிடையாது. அதனால் திருப்பத்தைச் சுமக்கும் ஈக்கு முட்டை நஷ்டம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காட்டு ஈக்களில் திருப்பங்கள் மலிந்து கிடப்பதற்கு இந்தச் சலுகை ஒரு முக்கியக் காரணம்.

தொல்லையைக் கருவியாக்கும் சாமர்த்தியம் ஹெர்மன் முல்லருக்கு இருந்தது. எக்ஸ்-கதிர் பட்டால் மரபணு கெடுகிறதா என்று சோதிக்க அவர் ஒரு பெண் ஈ வம்சத்தை உருவாக்கினார். அதன் எக்ஸ் குரோமோசோம் ஒன்றில் மூன்று சமாச்சாரம்: நமது 'சி', ஆண் குஞ்சைக் கொல்லும் ஒரு மரபணு, பட்டைக் கண் என்ற அடையாளம். கதிர்பட்ட ஆணின் எக்ஸ் குரோமோசோம் அடுத்த தலைமுறைப் பெண்ணுக்குள் இதனோடு ஜோடி சேரும். 'சி' இருப்பதால் இரண்டும் கலக்க முடியாது. அந்தப் பெண்ணின் ஆண் குஞ்சுகளில் பாதி எப்படியும் சாகும். மீதிப் பாதிக்கும் கதிர்பட்ட எக்ஸ்தான் கிடைக்கிறது. அதில் புதிதாக ஒரு கேடு விழுந்திருந்தால் அவையும் சாகும். எண்ண வேண்டியதே இல்லை, பாட்டிலில் ஆண் ஈ இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும். 1927-இல் முடிவை வெளியிட்டார், 1946-இல் நோபல் பரிசு. திருப்பம் என்ற பூட்டு இல்லாமல் அந்தச் சோதனை இல்லை.

இத்தனைக்கும் அதுவரை திருப்பத்தைக் கண்ணால் பார்த்தவர் எவருமில்லை. எல்லாம் எண்ணிக்கையிலிருந்து போட்ட ஊகம். 1933-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் தியோஃபிலஸ் பெயின்ட்டர் அதைக் கண்முன் நிறுத்தினார். (மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்று 1923-இல் சொன்னவரும் இவர்தான். 1956-இல் 46 என்று திருத்தும்வரை உலகம் அதையே ஒப்பித்துக்கொண்டிருந்தது.) ஈயாக மாறப்போகும் கொழுத்த புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பிரித்தெடுத்து, சாயத்தில் ஊறவைத்து, கண்ணாடித் தகட்டுக்கு அடியில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கினால், பிரம்மாண்டமான குரோமோசோம்கள் விரிந்து கிடக்கும். பிரியாமல் மறுபடி மறுபடி நகலெடுத்து ஆயிரக்கணக்கான இழைகள் ஒட்டிப் பருத்தவை அவை. நீளம் முழுக்கக் கறுப்பும் வெளுப்புமாய்ப் பட்டைகள். எந்தப் பட்டை எங்கே இருக்க வேண்டும் என்று பழகியவருக்கு மனப்பாடம். திருப்பம் இருந்தால், காகிதத்தில் வரைந்த அதே கண்ணி நுண்ணோக்கியில் அப்படியே சுருண்டு கிடந்தது.

இங்கேதான் தியோடோசியஸ் டாப்ஸான்ஸ்கி உள்ளே வருகிறார். இன்றைய உக்ரைனில் 1900-இல் பிறந்து, பொறிவண்டு சேகரித்து வளர்ந்து, 1927-இல் மார்கனிடம் வந்து சேர்ந்தவர். ஆய்வுக்கூட ஈ அவருக்குப் போதவில்லை. மேற்கு அமெரிக்காவின் மலைகளில் சுற்றி, பிசைந்து புளிக்கவைத்த வாழைப்பழத்தைக் கிண்ணத்தில் வைத்து, காலையிலும் மாலையிலும் வந்து மொய்க்கும் சூடோஅப்ஸ்க்யூரா என்ற காட்டு ஈயைப் பிடித்தார். அதன் மூன்றாம் குரோமோசோம் ஒரு கருவூலம். இடத்துக்கு இடம் வேறு வேறு வரிசை. ஸ்டாண்டர்ட், ஏரோஹெட், சிரிக்காவா, பைக்ஸ் பீக், சான்டா குரூஸ் என்று வைத்த பெயர்களில் பலவும் ஊர், மலைப் பெயர்கள்.

ஸ்டர்ட்டிவன்ட்டும் அவரும் 1936-இல் இதை வைத்து ஒரு காரியம் செய்தார்கள். 1-5-4-3-2-6-7-8-9 என்பதை எடுத்துக்கொள்வோம். இதில் 3-2-6-7 என்ற துண்டு திரும்பினால் 1-5-4-7-6-2-3-8-9. இந்த வரிசையை நேர் வரிசையிலிருந்து ஒரே திருப்பத்தில் அடைய முடியாது. நடு வரிசை ஒன்று இடையில் இருந்தே ஆக வேண்டும். இப்படி ஒன்றன் மேல் ஒன்று ஏறிய திருப்பங்களை ஒழுங்கு பண்ணினால், எது எதன் பிள்ளை என்று வம்ச மரம் வரைந்துவிடலாம். வரைந்தார்கள். ஸ்டாண்டர்டுக்கும் சான்டா குரூஸுக்கும் நடுவில் ஒரு படி இருந்தே தீர வேண்டும், ஆனால் எங்கும் கிடைக்கவில்லை. 'ஹைப்பதெட்டிகல்' என்ற பெயரிலேயே அதற்கும் ஓர் இடம் ஒதுக்கி வைத்தார்கள். டிஎன்ஏ-வின் வடிவமே தெரியவர இன்னும் 17 ஆண்டுகள் இருந்தன. எலும்பும் தோலும் பார்க்காமல், மரபுப் பொருளை மட்டும் படித்து எழுதிய பரம்பரைக் கதை அது. இன்றைய டிஎன்ஏ வம்ச மரங்களின் பாட்டன் அது என்று தாராளமாகச் சொல்லலாம்.

அந்தக் கட்டத்தில் டாப்ஸான்ஸ்கிக்கு ஓர் உறுதியான எண்ணம்: இந்தத் திருப்பங்களால் ஈக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. மரபணுக்கள் அதே மரபணுக்கள், வரிசைதானே வேறு? வம்சத்தைத் தேட அவை நல்ல அடையாளம், அவ்வளவுதான். அந்த எண்ணத்தை உடைத்தது கலிஃபோர்னியாவின் சான் ஹாசின்டோ மலை. ஆண்ட்ரியஸ் கேன்யன், பின்யோன் ஃப்ளாட்ஸ், கீன் கேம்ப் என்ற மூன்று இடங்களில் மாதாமாதம் ஈ பிடித்து, புழு வளர்த்து, சுரப்பியை நசுக்கி எண்ணிக்கொண்டிருந்தார். பின்யோன் ஃப்ளாட்ஸில் மார்ச் மாதத்தில் ஏறக்குறைய பாதிக் குரோமோசோம்கள் ஸ்டாண்டர்ட். ஜூன் வந்தால் அது மூன்றில் ஒன்றாகக் குறைகிறது, சிரிக்காவா ஏறுகிறது. கோடை முற்றும்போது ஸ்டாண்டர்ட் மறுபடி ஏறுகிறது. அடுத்த ஆண்டும் அதே ஏற்ற இறக்கம். தற்செயலுக்குப் பஞ்சாங்கம் தெரியாது. 1943-இல் அவர் எழுதிய கட்டுரையில், திருப்பங்களின் மேல் இயற்கைத் தேர்வு வேலை செய்கிறது என்பதை ஒப்புக்கொண்டுவிட்டார். பரிணாமம் என்றால் லட்சக்கணக்கான ஆண்டு என்று இருந்த காலத்தில், நாலு மாதத்தில் அது நடப்பதை ஒருவர் அட்டவணையாகவே போட்டுக் காட்டினார்.

சந்தேகப்படுகிறவர்களுக்காகக் கூண்டுகள் வந்தன. மரப்பெட்டி, உள்ளே உணவுக் கிண்ணங்கள், ஆயிரக்கணக்கில் ஈக்கள். கணக்குக்கு ஸீவல் ரைட் துணை. ஸ்டாண்டர்டைக் குறைவாகவும் சிரிக்காவாவை அதிகமாகவும் போட்டு 25 டிகிரியில் விட்டால், மாதங்கள் போகப் போக ஸ்டாண்டர்ட் ஏறி 70 சதவீதத்தைச் சுற்றி நின்றுவிடுகிறது. முழுதாக ஜெயிப்பதில்லை. கூண்டை 16 டிகிரிப் பக்கம் குளிர்வித்தால் அசைவே இல்லை. டாப்ஸான்ஸ்கியும் ரைட்டும் 1946-இல் இதை வெளியிட்டார்கள். ஏன் 70-இல் நிற்க வேண்டும்? ஒன்று ஸ்டாண்டர்ட், ஒன்று சிரிக்காவா என்று இரண்டும் கலந்து வைத்திருக்கும் ஈதான் எல்லோரிலும் திடமானது. அந்தக் கலப்பு ஈ இருக்கும்வரை எந்தக் கட்சியும் ஒழியாது.

பின்னாளில் ஒரு சுவையான முரண் தெரிந்தது. ஒரே ஊர் ஸ்டாண்டர்டையும் சிரிக்காவாவையும் கலந்தால்தான் இந்தத் திடம். வெவ்வேறு ஊரிலிருந்து எடுத்துக் கலந்தால் அது காணாமல்போகிறது. அப்படியானால் விஷயம் வரிசையில் இல்லை, பெயரிலும் இல்லை. ஒவ்வோர் ஊரிலும் அந்தத் துண்டுக்குள் அடைபட்ட மரபணுக்கள் தலைமுறை தலைமுறையாக ஒன்றுக்கொன்று பழகிப்போயிருக்கின்றன. வெளியாளோடு கலக்காமல் பூட்டி வைத்திருப்பது மட்டும்தான் திருப்பத்தின் வேலை. ஸ்டர்ட்டிவன்ட்டின் தட்டில் 1917-இல் காணாமல்போன அந்தக் குஞ்சுகளின் அர்த்தம் இப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. (இதற்குள் ஸ்டர்ட்டிவன்ட்டும் டாப்ஸான்ஸ்கியும் மனம் கசந்து பிரிந்திருந்தார்கள்.)

அதன்பின் ஒரு நீண்ட மௌனம். டாப்ஸான்ஸ்கியின் மாணவர் ரிச்சர்ட் லெவன்டினும் ஜாக் ஹப்பியும் 1966-இல் புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டு மரபு வேறுபாட்டை அளக்க வழி காட்டினார்கள். அது எந்த உயிருக்கும் செல்லும். திருப்பத்தைப் பார்க்கவோ ஈ மாதிரிப் பெருங்குரோமோசோம் வேண்டும். புலிக்கும் புளியமரத்துக்கும் எங்கே போவது? கொசுக்காரர்கள் மட்டும் விடவில்லை. கொசுவுக்கும் அந்தப் பருத்த குரோமோசோம் உண்டு. மாரியோ கொலுஸ்ஸி 1979-இல், ஆப்பிரிக்காவின் மலேரியாக் கொசுவில் இரண்டாம் குரோமோசோமின் ஒரு திருப்பம் வறண்ட நிலத்தை நோக்கிப் போகப் போகக் கூடுவதைக் காட்டினார். ஈரத்தை இழக்காமல் தாக்குப்பிடிக்கும் கொசு அது. சென்னை மொட்டைமாடித் தொட்டியில் வளரும் மலேரியாக் கொசு, அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி. அதன் குரோமோசோம்களிலும் திருப்பங்கள் பல உண்டு.

ஐரோப்பாவின் சப்அப்ஸ்க்யூரா ஈ செய்த பயணத்தை யாரும் திட்டமிடவில்லை. 1978-இல் அது சிலியின் புவெர்ட்டோ மான்ட்டில் தென்பட்டது, 1982-இல் வட அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில். வந்திறங்கியவை சொற்பம். சில ஆண்டுகளுக்குள் இரண்டு கண்டங்களிலும் பரவி, ஐரோப்பாவில் வடக்கு தெற்காகத் திருப்பங்கள் எப்படி அடுக்கப்பட்டிருந்தனவோ அந்தத் திசையிலேயே தங்களை அடுக்கிக்கொண்டன. பிறகு 2006-இல் மூன்று கண்டங்களிலும் பழைய கணக்கோடு ஒப்பிட்டார்கள். 26 இடங்களில் 22 இடங்கள் சூடாகியிருந்தன. அந்த 22-இல் 21 இடங்களில் வெப்பப் பகுதித் திருப்பங்கள் கூடியிருந்தன. தட்பவெப்பம் மாறுகிறதா என்று கேட்பவரிடம் ஓர் ஈயைக் காட்டலாம்.

அதே 2006-இல் மார்க் கர்க்பேட்ரிக்கும் நிக் பார்ட்டனும் பழைய கேள்விக்குப் புதிதாகக் கணக்குப் போட்டார்கள். ஓர் ஊருக்கு ஏற்ற இரண்டு மூன்று மரபணுக்கள் ஒரே குரோமோசோமில் இருக்கின்றன. வெளியூரிலிருந்து வருபவை கலந்து கலந்து அந்தச் சேர்க்கையைக் கலைக்கின்றன. அவற்றைச் சேர்த்து வளைத்துப்போடும் ஒரு திருப்பம் தற்செயலாக நேர்ந்துவிட்டால், கலையாத சேர்க்கை என்ற அந்த ஒரே லாபத்தை வைத்தே அது பரவும். டிஎன்ஏ-வை முழுதாகப் படிக்கும் இயந்திரங்கள் வந்ததும் பருத்த குரோமோசோமின் தேவை ஒழிந்தது. அமேசான் பட்டாம்பூச்சியின் சிறகுக் கோலத்தில், சூரியகாந்தியில், பறவையில் என்று திருப்பங்கள் வரிசையாகச் சிக்கின.

அந்தப் பறவை நமக்கும் விருந்தாளிதான். பேதை உள்ளான் குளிர்காலத்தில் கோடியக்கரைக்கு வருகிறது. இங்கே பார்க்கும்போது சேற்றில் கொத்தும் சாம்பல் பழுப்புப் பறவை. ஆண்களின் ஆடம்பரக் கழுத்து மயிர், இனப்பெருக்கத்துக்கு வடக்கே போகும்போதுதான் முளைக்கும். அங்கே மூன்று வகை ஆண்கள். பெரும்பான்மையோர் கறுத்த கழுத்து மயிரோடு ஆளுக்கொரு சிறு இடம் பிடித்துச் சண்டையிடுபவர்கள். இரண்டாம் வகை வெளுத்த கழுத்து, சண்டை கிடையாது, முதல்வனின் இடத்தில் ஒட்டிக்கொள்வது. மூன்றாம் வகை நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. கழுத்து மயிரே இல்லை, பெண்ணைப் போலவே உருவம், அந்த வேஷத்திலேயே பெண்களிடம் நெருங்கிவிடும். நிறம், உருவம், நடத்தை என்று இத்தனையும் ஒரே கட்டாக எப்படி வருகிறது? 2015-இன் இறுதியில் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரே விடையைச் சொல்லின: சுமார் 45 லட்சம் எழுத்து நீளமுள்ள ஒரு திருப்பம். நூற்றுக்கு மேற்பட்ட மரபணுக்கள் அதற்குள். நிகழ்ந்தது ஏறத்தாழ 38 லட்சம் ஆண்டுகளுக்கு முன்.

இந்தத் திருப்பத்துக்கு ஒரு கொடிய விலை. துண்டு அறுந்த இடம், சென்ட்ரோமியர் வேலைக்கு இன்றியமையாத ஒரு மரபணுவின் நடுவில். இரண்டு குரோமோசோமிலும் திருப்பம் இருந்தால் குஞ்சு பிழைக்காது. எனவே நேர் வரிசை ஒன்று, திருப்பம் ஒன்று என்று எப்போதும் ஒற்றையாகத்தான் அது வாழ முடிகிறது. தன்னினத்தோடு சேராததால் அதற்குள் விழும் பிழைகளைக் கழுவவும் வழியில்லை. ஆனால் பூட்டு முழுப் பூட்டும் இல்லை. 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எப்போதோ நேர் வரிசைக்கும் திருப்பத்துக்கும் நடுவே அபூர்வமாகத் துண்டு மாற்றம் நடந்து, பிழைத்தும் விட்டது. அப்படி மாறிய துண்டைச் சுமப்பவைதான் அந்த வெளுத்த கழுத்துக்காரர்கள்.